ஆணியில் தொங்கிய எழுத்து

ஜூராவைப் பற்றி எழுத அப்படி என்ன இருக்கிறது என்று எங்கள் ஊர் கரா-பூலாக்கில் கேட்பார்கள். கேட்கட்டும். அவள் பதக்கம் வாங்கியவளில்லை, பட்டணம் போய்ப் பெயரெடுத்தவளும் இல்லை. எங்கள் பள்ளத்தாக்கின் பாலர் பள்ளியில் மூக்கொழுகும் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தவள், அவ்வளவுதான். ஆனால் இன்று இந்த ஊரில் பேனா பிடிக்கிறவர்களில் பாதிப் பேர் எழுத்தை முதன்முதலில் கண்டது அவள் வகுப்பு வாசற்படியில். வாசற்படி என்று சும்மா சொல்லவில்லை. அவளிடம் எழுத்துகள் பலகையில் வராது. கதவைத் தட்டிக்கொண்டு விருந்தாளியாக வரும்.

பிள்ளைகள் கம்பளத்தில் உட்கார்ந்திருக்கும்போது வெளியே டொக் டொக்கென்று சத்தம் கேட்கும்.

"யாரு?" என்று எல்லாரும் கத்துவார்கள்.

"தூரத்துலேர்ந்து வர்றேன். மலைப்பாதையெல்லாம் பனி. கால் விறைச்சுப்போச்சு. உள்ள விடுவீங்களா, மாட்டீங்களா?" என்று கதவுக்குப் பின்னாலிருந்து ஜூரா கட்டைக் குரலில் கேட்பாள்.

விருந்தாளியை வாசலில் நிற்கவைப்பது எங்களுக்குப் பெரிய அவமானம். நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் அது தெரியும். விருந்தாளி வெளியிலிருந்தே தன் ஓசையைச் சொல்லும். எந்தப் பிள்ளையின் பெயர் அந்த ஓசையில் தொடங்குகிறதோ அந்தப் பிள்ளை ஓடிப்போய்க் கதவைத் திறக்கும். கம்பளித் துணியில் வெட்டித் தைத்த, பிள்ளை உயரத்துக்கு ஓர் எழுத்து உள்ளே வரும். அதன்மேல் படிந்த பனியைத் தட்டிவிடுவார்கள். வாசலுக்கு எதிரே, பெரியவர்கள் உட்காரும் இடத்தில் உட்காரவைத்து டீ ஊற்றுவார்கள். பெயரைக் கேட்டால் விருந்தாளி மறுபடி அந்த ஓசையையே சொல்லும். அந்த ஓசையில் தொடங்கும் பண்டத்தை மட்டும்தான் அது சாப்பிடும். 'க' வந்த வாரம் ஒருவன் காய்ந்த தயிர்க்கட்டியான குரூத் உருண்டை கொடுத்தான், ஒருவன் புளித்த குதிரைப்பால் குமிஸ் கொடுத்தான். ஒருத்தி தன் தம்பி குபாத்தையே தூக்கிக் கொடுத்துவிட்டாள். "எடுத்துக்கட்டும், ரொம்ப அழறான்" என்றாள்.

அதற்கப்புறம் அந்த எழுத்தை ஆட்டின் கணுக்கால் எலும்புகளை அடுக்கித் தரையில் செய்வார்கள், கயிற்றை வளைத்துச் செய்வார்கள், தங்கள் உடம்பையே மடக்கியும் செய்வார்கள். வாரக் கடைசியில் விருந்தாளியை வாசல்வரை போய் வழியனுப்புவார்கள். அழுத பிள்ளைகளும் உண்டு.

பள்ளியில் இப்படிக் கத்தியும் பாடியும் திரிந்த ஜூரா வீட்டில் வேறு ஆள். வீட்டில் அவள் மருமகள். தலைத்துணியை நெற்றிவரை இழுத்துவிட்டு, மரியாதைக்காகக் கிண்ணத்தில் பாதிக்குமேல் டீ ஊற்றாமல், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுகிறவள். அவள் புருஷன் எசென் கடைக்குட்டி. எங்களில் கடைசி மகன்தான் பெற்றவர்களோடு இருப்பான். அதனால் மாமியார் தூர்சுனும் ஜூராவும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தார்கள்.

ஜூராவுக்குத் தலைப்பிள்ளை பெண்ணாகப் பிறந்தது. அதற்கு முந்தின குளிர்காலத்தில்தான் மாமனார் இறந்திருந்தார். பிறந்த நாற்பதாம் நாள் குழந்தையைக் கரண்டி கரண்டியாகத் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டினார்கள். தூர்சுன் குழந்தையைத் துணியில் சுற்றித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். திருப்பிக் கொடுக்கவில்லை.

"எனக்கு எல்லாம் பையனுங்க. அவரும் போயிட்டாரு. பக்கத்துல ஒரு மூச்சுச் சத்தம் இல்லாம தூக்கம் வர மாட்டேங்குது. இவள எனக்குக் குடு. நீ சின்னவ, இன்னும் பெத்துக்குவ" என்றாள்.

தலைப்பிள்ளையைப் புருஷனின் அப்பா அம்மாவுக்குக் கொடுப்பது எங்களிடம் புதிதில்லை. அந்தப் பிள்ளை அவர்களையே அப்பா அம்மா என்று கூப்பிடும், பெற்றவர்களை அண்ணன் அண்ணி என்று கூப்பிடும். பெரும்பாலும் பிள்ளைக்கு விவரம் தெரிந்தேதான் வளரும், அதில் ஒளிவுமறைவு இருக்காது. தூர்சுனுக்கு அது போதவில்லை. பாதி அம்மாவாக இருக்க அவளுக்கு மனமில்லை. சாப்பாட்டு விரிப்பிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்து ஜூராவின் கையில் வைத்தாள்.

"இவ என் பொண்ணு. உன் வாயால வேற சொல்ல மாட்டேன்னு ரொட்டிமேல சொல்லு."

ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பொய் சொன்னால் ரொட்டி அடிக்கும். இது எங்கள் நம்பிக்கை. கோர்ட்டில் கூசாமல் பொய் சொல்லும் ஆள்கூட ரொட்டியைத் தொட்டுச் சொல்லச் சொன்னால் எழுந்து போய்விடுவான். ஜூரா சொன்னாள். வேறென்ன செய்வாள், இருபது வயசு, மார்பில் பால் கட்டி வலித்துக்கொண்டிருந்தது, வீடு நிறைய உறவுக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதைப் பெரிய மனசு என்று ஊரில் புகழ்ந்தார்கள். எனக்கு இன்றுவரை அந்தப் புகழ்ச்சி பிடிக்கவில்லை.

குழந்தைக்கு அக்மரால் என்று தூர்சுனே பெயர் வைத்தாள். பால் மட்டும் ஜூரா கொடுத்தாள். குழந்தை ஒரு நாள் பால் குடிப்பதை நிறுத்திவிட்டுத் தூர்சுனைப் பார்த்துக் கையை நீட்டி "அபா" என்றது. அம்மாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். தூர்சுன் குழந்தையை வாங்கிக்கொண்டாள். "இனிமே பால் வேணாம், சாதாரணச் சாப்பாடு போதும்" என்றாள்.

அப்புறம் ஜூராவுக்கு அடுத்தடுத்து இரண்டு பையன்கள் பிறந்தார்கள். அவர்கள் அவளை அபா என்று கூப்பிட்டார்கள். அதே விரிப்பில் உட்கார்ந்து அக்மரால் அவளை "அண்ணி, டீ" என்பாள். மாமியாரை மருமகளும் அபா என்றுதான் அழைக்க வேண்டும். ஆக, அந்த வீட்டில் அக்மராலுக்கும் ஜூராவுக்கும் அபா ஒருத்திதான். பெற்ற மனம் பித்து என்று சொல்லிவிடுகிறோம். பித்துப் பிடித்த மனத்தோடு தினமும் ரொட்டி சுடுவதும் பாத்திரம் கழுவுவதும் எப்படி என்று யாரும் சொல்லுவதில்லை.

எசென் கட்டட வேலைக்கு ருஷ்யா போனான். போகிற அன்று வழக்கப்படி ஒரு ரொட்டியில் ஒரு வாய் கடித்துவிட்டுப் போனான். மீதியை ஜன்னலோரத்து ஆணியில் மாட்டிவைத்தார்கள். அவன் திரும்பி வந்து அதைத் தின்று முடிக்க வேண்டும். தூர தேசம் போகிற ஒவ்வொருவனுக்கும் எங்கள் வீடுகளில் அப்படி ஒரு ரொட்டி காத்துக்கொண்டிருக்கும்.

அக்மரால் ஜூராவின் வகுப்புக்கு வந்த வருஷம்தான் எல்லாம் நடந்தது.

எல்லா ஊரிலும் எழுத்து 'அ'வில் தொடங்கும். ஜூராவும் எப்போதும் அப்படித்தான் தொடங்குவாள். முதல் வாரம் 'அ' விருந்தாளி வரும். இரண்டு பிள்ளைகள் எதிரெதிரே நின்று தலையோடு தலை முட்டிச் சாய்ந்துகொள்வார்கள். நடுவில் ஒரு சின்னப் பிள்ளை இரண்டு பேரையும் கைநீட்டிப் பிடித்துக்கொள்ளும். அதுதான் எங்கள் பாஷையின் 'அ': இரண்டு கால், நடுவில் ஒரு குறுக்குக்கட்டை. "ஒரு கால் போனா இன்னொரு கால் விழுந்துடும். பிடிச்சுக்கோங்க, பிடிச்சுக்கோங்க!" என்று ஜூரா கத்துவாள். வாரக் கடைசியில் ஆற்றங்கரைக் களிமண்ணில் ஒவ்வொரு பிள்ளையும் ஓர் 'அ' செய்து, வீட்டுக்குக் கொண்டுபோய்த் தன் அபாவுக்குக் கொடுக்க வேண்டும். வருஷா வருஷம் நடப்பது. வீட்டில் அண்ணன் அக்கா இருக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும்.

அந்த வருஷம் 'அ' வரவில்லை. 'ம' வந்தது, 'த' வந்தது, 'ப' வந்து போனது. பெயர் வேறு எழுத்தில் தொடங்கிய பிள்ளைகளெல்லாம் கதவைத் திறந்துவிட்டார்கள். அக்மரால் ஒவ்வொரு முறை தட்டும் சத்தம் கேட்கும்போதும் பாதி எழுந்து, மறுபடி உட்காருவாள்.

"அக்கா, என் எழுத்துக்கு இங்க வர வழி தெரியாதா?" என்று ஒரு நாள் கேட்டாள். பள்ளியில் அவளும் மற்றவர்களைப் போல அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"வரும் கண்ணு. வழியில பனி" என்றாள் ஜூரா.

பள்ளிச் சமையற்காரி பாத்மாவுக்கு எல்லாம் தெரியும். அவள் வாய் மட்டும் சும்மா இருக்காது.

"ஏண்டி, ஊரெல்லாம் எழுத்தத் தலையில பிடிக்குது. நீ ஏன் வாலப் பிடிச்சுட்டு நிக்கற?"

"இந்த வருஷம் விருந்தாளிங்க வரிசைய மாத்திட்டாங்க."

"வரிசைய மாத்தினது விருந்தாளியா, நீயா? எத்தன நாளைக்குத்தான் கதவச் சாத்தி வைப்ப?"

ஜூராவுக்கு வேண்டியது ஒன்றுதான். தன் கையால் தன் மகளுக்கு 'அபா'வின் 'அ'வைச் செய்யச் சொல்லிக்கொடுத்து, அதை இன்னொருத்தியிடம் கொண்டுபோய்க் கொடு என்று அனுப்புகிற நாள் வராமல் இருக்க வேண்டும். அது நடக்கக்கூடிய காரியமா? மற்ற எழுத்தெல்லாம் தீர்ந்துபோனது. வசந்தப் பண்டிகைக்கு முந்தின வாரம் கதவு தட்டப்பட்டது.

அக்மரால் ஓடிய ஓட்டத்தில் செருப்பு ஒன்று கழன்று விழுந்தது. கதவைத் திறந்து, விருந்தாளியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். "ஏன் இவ்ளோ லேட்டு?" என்று அதட்டினாள். பிள்ளைகள் ஆப்பிள் கொடுத்தார்கள். எங்கள் பாஷையில் அது 'ஆல்மா'; 'அ'வுக்கும் 'ஆ'வுக்கும் எங்களிடம் ஒரே எழுத்துதான். பார்லி கொடுத்தார்கள், அது 'ஆர்பா'. தலை முட்டிச் சாய்ந்து எழுத்தாக நின்றார்கள், விழுந்தார்கள், சிரித்தார்கள். நடுக்கட்டையாக அக்மரால்தான் நிற்பேன் என்று அடம்பிடித்தாள். எழுத்தின் சொந்தக்காரி அவள்தானே.

ஆற்றங்கரை இன்னும் பனியில் இறுகிக் கிடந்தது. களிமண் கிடைக்கவில்லை. ஜூரா சமையலறைக்குப் போய்ப் பாத்மாவிடம் மாவு கேட்டாள்.

"ரொட்டி மாவு விளையாட்டுச் சாமானா?" என்று பாத்மா முகத்தைச் சுளித்தாள்.

"விளையாடறதுக்கில்ல. சுட்டு எடுத்துட்டுப் போய் அவங்கவங்க அபாவுக்குக் குடுக்கப்போறாங்க. தின்னத்தானே போறாங்க."

"என்னமோ. மண்ணு பேசாது. ரொட்டி பேசும். பாத்துக்க."

ஜூரா பார்த்துக்கொள்ளவில்லை. அது அவள் செய்த தப்பு. எங்கள் ஊர்க்காரி மட்டுமே செய்யக்கூடிய தப்பும்கூட.

அடுப்பிலிருந்து வெளியே வந்த எழுத்துகளைப் பார்க்கவேண்டுமே. ஒன்றுக்குக் கால் வீங்கியிருந்தது. ஒன்று படுத்தேவிட்டது. அக்மராலின் எழுத்து மட்டும் நேராக, பொன்னிறமாக வந்திருந்தது. பிள்ளைகள் கோட்டு மாட்டிக்கொண்டு ரொட்டியைத் துணியில் சுற்றினார்கள். அப்போது கடைக்காரி மகன் தாலாய் சொன்னான்:

"ஏ அக்மரால், நீ எதுக்கு அத வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறே? உங்க அபாதான் இங்க நிக்கறாங்களே."

"எங்க அபா வீட்டுல இருக்காங்க."

"அது பாட்டி. ஜூராக்காதான் உன்னப் பெத்தாங்க. எங்கம்மா சொன்னாங்க. எல்லாருக்கும் தெரியும்."

"வாய மூடுடா, மூக்கொழுகி!" என்று பாத்மா கரண்டியை ஓங்கினாள். யாரை அதட்டி என்ன? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. அந்தப் பையன் பொல்லாதவனும் இல்லை. ரொட்டியைச் சரியான ஆளிடம் கொடுக்கச் சொன்னான், அவ்வளவுதான்.

அக்மரால் அழவில்லை. ஜூராவிடம் வந்து நின்று நிமிர்ந்து பார்த்தாள்.

"தாலாய் பொய்தானே சொல்றான்?"

"குல்லாவப் போட்டுக்கோ கண்ணு. ரொட்டி ஆறிடும்."

பிள்ளை குல்லாவைப் போட்டுக்கொள்ளவில்லை. துணியைப் பிரித்து ரொட்டியை நீட்டினாள். தூர்சுன் வளர்த்த பிள்ளையல்லவா? ரொட்டியின் நியாயம் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"இதப் பிடிச்சுக்கிட்டுச் சொல்லுங்க."

நீட்டிய ரொட்டியை வாங்காமல் இருக்க எங்களுக்கு உரிமையில்லை. ஜூரா வாங்கினாள். சூடு உள்ளங்கையில் ஏறியது. பெற்றேன் என்று சொன்னால் அன்றைக்கு ரொட்டியின்மேல் செய்த சத்தியம் போகும். பெறவில்லை என்று சொன்னால் இன்றைக்கு ரொட்டியின்மேல் பொய் சேரும். பிள்ளைகள் எல்லாரும் கோட்டும் குல்லாவுமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாத்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட ஜூரா துடித்த துடிப்பை நான் எழுதிக் காட்ட முடியாது.

"வா, அபாகிட்டப் போவோம்" என்றாள் கடைசியில்.

வெயில் பட்ட பாதையில் பனி உருகிச் சேறாகக் கிடந்தது. அக்மரால் ரொட்டியைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். ஜூரா கை நீட்டினாள், பிள்ளை பிடித்துக்கொள்ளவில்லை.

தூர்சுன் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து தினையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன, இன்னிக்கு நேரத்தோட வந்துட்டீங்க? சேத்துக் காலோட கம்பளத்துல ஏறாத, பொண்ணே" என்றாள்.

அக்மரால் சேற்றுக் காலோடுதான் ஏறினாள். ரொட்டியைத் தூர்சுனின் கைகளில் வைத்து, தன் இரண்டு கையாலும் அந்தக் கைகளை மூடினாள்.

"என்னப் பெத்தது அண்ணின்னு தாலாய் சொல்றான். இதப் பிடிச்சுக்கிட்டு நீ சொல்லு, அபா."

கிழவி பிள்ளையைப் பார்க்கவில்லை. ஜூராவைப் பார்த்தாள்.

"வாயத் தொறந்துட்டியா?"

"இல்ல அபா. நான் ஒண்ணும் சொல்லல."

"சொல்லாமலே சொல்லிட்ட. மண்ணுல செய்யறத மாவுல செஞ்சப்பவே உனக்குத் தெரிஞ்சிருக்க வேணாமா?"

"அபா, சொல்லு" என்றாள் அக்மரால்.

தூர்சுன் ரொட்டியைக் கீழே வைத்திருக்கலாம். விரிப்பில் வைத்துவிட்டு, போடி என்று ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாம். ஊரில் பலர் அப்படித்தான் செய்திருப்பார்கள். அவள் வைக்கவில்லை. இதற்காக நான் அந்தக் கிழவியின் பழைய குற்றத்தில் பாதியைத் தள்ளிவிடுவேன்.

"பெத்தது அவ. வளத்தது நான். ரொட்டிமேல சொல்றேன்."

அடுப்பில் கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. யாரும் எழுந்து இறக்கவில்லை.

"அப்ப இத யார்கிட்ட குடுக்கணும்?" என்று அக்மரால் கேட்டாள். "அபாவுக்குக் குடுக்கணும்னு சொன்னாங்க."

"ரெண்டா ஒடச்சு ஆளுக்குப் பாதி குடு" என்றாள் தூர்சுன்.

"ஒடச்சா எழுத்து விழுந்துடும். ஒரு கால் போனா நிக்காது. அவங்கதான் சொல்லிக் குடுத்தாங்க."

அவங்க என்றபோது விரலால் ஜூராவைக் காட்டினாள். அப்புறம் திரும்பிக் கேட்டாள்: "நீங்க ஏன் சொல்லல? ரொட்டியக் கையில குடுத்தும் ஏன் சொல்லல?"

ஜூராவிடம் பதில் இருந்தது. ஆறு வயசுப் பிள்ளைக்குச் சொல்லக்கூடிய பதிலாக அது இல்லை. தன் சத்தியத்தைச் சொன்னால் தூர்சுனைப் பிள்ளை வெறுக்கும். ஜூரா குனிந்து கம்பளத்தில் ஒட்டிய சேற்றைத் துடைத்தாள்.

அக்மரால் நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறி, ஜன்னலோரத்தில் எசெனின் ரொட்டிக்குப் பக்கத்து ஆணியில் தன் எழுத்தை மாட்டினாள். நடுக்கட்டைக்குமேல் இருந்த ஓட்டையில் ஆணி சரியாக நுழைந்தது. "இது இங்கயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வெளியே விளையாடப் போனாள்.

அன்றிலிருந்து அவள் ஜூராவை அண்ணி என்று கூப்பிடவில்லை. அபா என்றும் கூப்பிடவில்லை. எதுவுமே சொல்லிக் கூப்பிடவில்லை. "இங்க பாருங்க", "உங்களத்தான்", "தம்பி கூப்பிடறான்" என்று பேச்சு ஓடியது. பள்ளியில் ஏதாவது வேண்டுமென்றால் பக்கத்தில் வந்து ஜூராவின் பாவாடையைத் தொட்டுவிட்டு நிற்பாள். தூர்சுனை மட்டும் முன்போலவே அபா என்றாள். கிழவி ஒரு முறை, "அவளையும் அபான்னு கூப்பிடேண்டி" என்று சொல்லிப் பார்த்தாள். "எனக்கு வர மாட்டேங்குது" என்றாள் பிள்ளை. அதில் கோபமில்லை. நிஜமாகவே வரவில்லை.

எசென் திரும்பி வந்தான். தன் ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தின்று முடித்தான். பக்கத்தில் இருந்ததைக் காட்டி, "இது யாரோடது, யாரு ஊருக்குப் போயிருக்காங்க?" என்று கேட்டான். ஜூரா அவன் கிண்ணத்தை எடுத்து டீ ஊற்றினாள். அவனும் அப்புறம் விஷயம் தெரிந்து கேட்பதை விட்டுவிட்டான்.

அடுத்த வருஷத்திலிருந்து 'அ' மறுபடி முதல் வாரமே வந்தது. ஜூரா எதையும் மாற்றவில்லை, மாவையும்கூட. மண்ணுக்குத் திரும்பிவிடுவாள் என்று பாத்மா நினைத்திருந்தாள். "ரொட்டியே இருக்கட்டும். எந்தப் பிள்ளைக்காவது கேக்க ஏதாவது இருந்தா கேட்டுக்கட்டும்" என்றாள் ஜூரா. ஒவ்வொரு வருஷமும் பிள்ளைகளின் கையில் சூடாக எழுத்தை வைத்து, "ஓடு, உங்க அபாகிட்டக் குடு" என்று அனுப்புவாள். கடைசிப் பிள்ளையும் போனபின் மாவுப் பலகையை அவளே சுரண்டுவாள். பாத்மா தொட்டால் விடமாட்டாள்.

அக்மரால் வளர்ந்தாள். நகரத்தில் நர்ஸ் படிப்புக்குப் போனாள். தூர்சுன் படுக்கையில் விழுந்தபோது தூக்கி உட்காரவைத்தது, துடைத்தது, ஊட்டியது எல்லாம் ஜூராதான். ஒரு நாள் கிழவி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்கிட்டேர்ந்து வாங்கினதத் திருப்பிக் குடுக்க எனக்குத் தெரியல, பொண்ணே. மனசு இல்லாமலும் இருந்துச்சு. ரெண்டும்தான்."

"விடுங்க அபா."

"எம்மேல கோவம் இருக்கா?"

"இருந்துச்சு. இப்ப இல்லன்னு சொன்னா பொய்."

"கையில ரொட்டியா இருக்கு? ஒரு பொய்தான் சொல்லேன்" என்றாள் கிழவி. இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். சிரித்து முடிந்தபின் ஜூரா அவள் தலைத்துணியைச் சரிசெய்து, "இல்ல அபா, கோவமெல்லாம் இல்ல" என்றாள்.

இலையுதிர் காலத்தில் தூர்சுன் இறந்தாள். முற்றத்தில் கூடாரம் போட்டு உடலைக் கிடத்தினார்கள். பெண்கள் உள்ளே உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். மகள் உட்காரும் இடத்தில் அக்மரால் உட்கார்ந்து, "அபா, என் அபா" என்று குரலெடுத்து அழுதாள். பக்கத்தில் மருமகளின் இடத்தில் ஜூராவும் அதே வார்த்தையைச் சொல்லி அழுதாள். வந்தவர்கள் இரண்டு பேரின் தோளிலும் கைபோட்டு அழுதுவிட்டுப் போனார்கள். ஜூராவின் அழுகையில் பாதி யாருக்காக என்று அவளுக்கே தெரியவில்லை.

அடக்கம் முடிந்து, உறவுக்காரர்கள் கலைந்தபின், எசெனும் பையன்களும் முற்றத்தில் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பிற்பகல் வெயில் ஜன்னலில் விழுந்தது. ஜூரா வெந்நீர் கொதிக்கும் சமோவாரிலிருந்து கெட்டிலை நிரப்பிக்கொண்டு வந்து, தன் வழக்கமான இடத்தில், வாசற்பக்கமாக உட்கார்ந்தாள். வாசலுக்கு எதிரே தூர்சுனின் மெத்தை மடித்தபடி கிடந்தது.

அக்மரால் எழுந்துபோய் ஆணியிலிருந்து ரொட்டியை எடுத்தாள். இப்போது நாற்காலி தேவைப்படவில்லை. முழங்கையால் தூசியைத் துடைத்தாள். விரலால் தட்டினால் மரத்தைத் தட்டிய சத்தம் கேட்டது. பெரிய கிண்ணத்தில் அதைக் கிடத்தி, டீயை ஊற்றச் சொல்லிக் கிண்ணத்தை நகர்த்தினாள். ஜூரா ஊற்றினாள். இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீ ஆறிப்போயிற்று, ரொட்டி அசையவில்லை. ஆறிய டீயைக் கொட்டிவிட்டு ஜூரா மறுபடி சூடாக ஊற்றினாள். முற்றத்தில் பையன்கள் ஏதோ கத்திக்கொண்டிருந்தார்கள். மெல்ல ஒரு கால் தளர்ந்து கிண்ணத்தின் விளிம்பில் சாய்ந்தது. அக்மரால் அதைக் கிள்ளி எடுத்தாள். இன்னொரு காலும் தானாகக் கழன்றது.

ஒன்றைத் தன் கிண்ணத்தில் போட்டுக்கொண்டாள். இன்னொன்றை ஜூராவின் கிண்ணத்தில் போட்டாள்.

"இன்னும் கல்லாத்தான் இருக்கு" என்றாள் கடித்துப் பார்த்துவிட்டு. அப்புறம் கிண்ணத்தை நீட்டினாள். "அபா, இன்னும் கொஞ்சம் டீ ஊத்து."

அந்த வீட்டில் அந்த வார்த்தை எப்போதும் எந்தப் பக்கம் போகுமோ அந்தப் பக்கம் ஜூரா திரும்பிப் பார்த்தாள். வாசலுக்கு எதிரே மடித்த மெத்தை கிடந்தது. யாரும் இல்லை.

"உன்னத்தான்" என்றாள் அக்மரால்.

ஜூரா கெட்டிலை எடுத்தாள். பாதியோடு நிறுத்தும் வழக்கம் கைக்கு மறந்துபோய், கிண்ணம் நிறைந்து விரிப்பில் வழிந்தது.